நடை மட்டும் போதவில்லை: அன்றாட வேலைகளுக்கான உடற்பயிற்சியை 61 வயதில் எங்கிருந்து தொடங்குவது?

வாசற்படி கேட்டது:

வயது 61. வாரத்தில் ஆறு நாள் 40 நிமிட நடை தவறுவதில்லை, மூச்சு வாங்குவதும் இல்லை. ஆனால் தாழ்வான சோபாவிலிருந்து எழக் கையை ஊன்ற வேண்டியிருக்கிறது. மாடிப்படி ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம். வலது முழங்கால் லேசாக வலிக்கிறது, சொடக்கும் சத்தம் வருகிறது. கீழே விழுந்த சாவியை எடுக்க ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் குனிய முடிகிறது.

பிரஷருக்கு மாத்திரை உண்டு, அளவு கட்டுக்குள் இருக்கிறது. சர்க்கரையோ இதயக் கோளாறோ இல்லை.

ஜிம்முக்குப் போகும் எண்ணமில்லை. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி, சுவர், மாடிப்படி இருக்கின்றன. இவற்றை வைத்து என்ன செய்யலாம், எத்தனை முறை, வாரத்துக்கு எத்தனை நாள், எப்போது கூட்டுவது என்று எண்ணிக்கையோடு சொன்னால் உதவும். "உடம்பு சொல்வதைக் கேளுங்கள்" என்கிற மாதிரி பதில் நிறையப் படித்தாயிற்று.

---

மரநாற்காலி:

நடையை விட்டுவிட வேண்டாம். இதயத்துக்கும் மூச்சுக்கும் அது செய்யும் வேலை வேறு. ஆனால் சமதளத்தில் நடக்கும்போது முழங்கால் அவ்வளவாக மடங்குவதே இல்லை. தாழ்வான சோபாவிலிருந்து எழ வேண்டுமென்றால் இடுப்பும் முழங்காலும் நன்றாக மடங்கிய நிலையில் உடம்பின் எடையைத் தூக்க வேண்டும். அந்த ஆழத்தில் தொடைக்கும் பிட்டத்துக்கும் வேலை கொடுக்காமல் எத்தனை கிலோமீட்டர் நடந்தாலும் அங்கே பலம் ஏறாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் இரண்டையும் தனித்தனியாகத்தான் கேட்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு. அது போக வாரத்தில் குறைந்தது 2 நாள் தசைப் பயிற்சி. 65-ஐ எட்டியவர்களுக்கு இவற்றோடு சமநிலையும் பலமும் கலந்த பயிற்சி 3 நாளாவது. உங்களுடைய 240 நிமிட நடை முதல் கணக்கைத் தீர்த்துவிட்டது. இரண்டாவது கணக்கு இன்னும் திறக்கப்படவே இல்லை.

முதல் நாள் பயிற்சி வேண்டாம், அளவு மட்டும் எடுங்கள். இருக்கை சுமார் 43 செ.மீ. உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பின்னால் நகரக்கூடாது. கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து நிமிர்ந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் தரும் அட்டவணைப்படி 60–64 வயதில் ஆணுக்கு 14-க்குக் கீழே, பெண்ணுக்கு 12-க்குக் கீழே வந்தால் சராசரியைவிடக் குறைவு. 65–69-இல் அது 12, 11. கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் கணக்கு பூஜ்யம். அதுவும் ஓர் அளவுதான், எழுதி வையுங்கள்.

அடுத்தது நிற்றல். சுவரோரம் நின்று நான்கு நிலைகள், ஒவ்வொன்றும் 10 விநாடி: இரண்டு பாதமும் ஒட்டி, ஒரு பாதம் அரை அடி முன்னால், ஒரே கோட்டில் ஒரு குதிகால் மற்றதன் கட்டைவிரலுக்கு நேர் முன்னால், கடைசியாக ஒற்றைக்கால். மூன்றாவது நிலையில் 10 விநாடி நிற்க முடியாவிட்டால் விழும் அபாயம் கூடுதல் என்று பொருள்.

இனி பயிற்சி. இருப்பதிலேயே முக்கியமான ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், மற்றவற்றை வேறு யாராவது எழுதட்டும்.

உட்கார்ந்து எழுதல். இருக்கையின் முன்பாதிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்கள் இடுப்பகலத்தில். குதிகால் முழங்காலுக்கு நேர் கீழே இருக்கக்கூடாது, அதைவிடச் சற்றுப் பின்னால் இழுத்திருக்க வேண்டும். எழ முடியவில்லை என்று சொல்பவர்களில் பெரும்பாலோருக்குத் தப்பு இங்கேதான். பாதம் முன்னால் கிடந்தால் எடை பின்னாலேயே தங்கிவிடும், எத்தனை பலம் இருந்தாலும் பின்னுக்கு விழுவோம். பிறகு முதுகை வளைக்காமல், மூக்கு கால்விரலுக்கு நேரே வரும் அளவு முன்னால் சாயுங்கள். பிட்டம் தானாக லேசாகும். அந்தக் கணத்தில் தரையை மிதித்துத் தள்ளி எழுங்கள்.

இறங்குவது மூன்று விநாடி. "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணிக்கொண்டே இறங்குங்கள். எல்லோரும் கடைசி நாலு விரல் உயரத்தில் தொப்பென்று விழுவார்கள். பலம் இல்லாத இடம் எது என்று அந்தத் தொப்பு காட்டிக்கொடுத்துவிடும். அங்கே விழாமல் தாங்குவதற்காகத்தான் இந்தப் பயிற்சியே.

முழங்கால்கள் உள்ளே ஒன்றையொன்று நோக்கிச் சாயக்கூடாது; காலின் இரண்டாவது விரல் காட்டும் திசையில் போக வேண்டும். சாய்ந்தால் இருக்கை உங்களுக்கு இன்னும் தாழ்வாக இருக்கிறது என்று பொருள்.

எந்த உயரத்தில் தொடங்குவது? கையை ஊன்றாமல் 8 முறை எழ முடிந்து, "இன்னும் இரண்டு மூன்று முடியும்" என்று தோன்றும் உயரத்தில். நாற்காலி தாழ்வாகப் பட்டால் மடித்த கெட்டியான போர்வையை இருக்கையில் போட்டு உயர்த்துங்கள். மெத்தென்ற தலையணை வேண்டாம், அமுங்கிவிடும். உயரம் கூடியதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

8 முறை, ஒன்றரை நிமிட ஓய்வு, மறுபடி 8. வாரத்தில் 3 நாள், இடையில் ஒரு நாள் விட்டு. இரண்டு செட்டிலும் 12-ஐ அடுத்தடுத்து இரண்டு நாள் எட்டிவிட்டால் போர்வையில் ஒரு மடிப்பைக் குறையுங்கள், 2–3 செ.மீ. போதும். போர்வை முழுதும் போய்விட்டால் மார்போடு ஒரு பையை அணைத்துக்கொண்டு எழுங்கள், 2 கிலோவில் ஆரம்பித்து. அல்லது தாழ்ந்த இருக்கைக்கு மாறுங்கள். உங்கள் குறை சோபா என்பதால் இரண்டாவது வழிதான் உங்களுக்குச் சரி.

---

இயன்முறை மேசை:

மரநாற்காலி சொன்னதோடு உடன்படுகிறேன். முழங்காலும் பிரஷரும் தனியாகப் பார்க்க வேண்டியவை.

படி இறங்கும்போது மேல் படியில் நிற்கும் கால் ஒன்றே உடம்பு முழுவதையும் மெதுவாகக் கீழே இறக்குகிறது. தொடையின் முன்தசை நீண்டுகொண்டே தாங்க வேண்டிய வேலை அது. அந்தத் தசை தளர்ந்தால் முழங்கால்சில்லுக்குப் பின்னால் அழுத்தம் கூடும், அதனால்தான் ஏறும்போது இல்லாத வலி இறங்கும்போது வருகிறது. சொடக்குச் சத்தத்தோடு வலியோ வீக்கமோ சேர்ந்து வராவிட்டால் சத்தத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வீட்டுப் படியின் உயரம் பெரும்பாலும் 15–18 செ.மீ. இருக்கும். அதில் தொடங்க வேண்டாம். 8–10 செ.மீ. கனமுள்ள, ஆடாத, வழுக்காத பலகை ஒன்றைக் கைப்பிடிச் சுவரோரம் போடுங்கள். வலது கால் பலகைமேல், இடது கால் பக்கவாட்டில் வெளியே. வலது முழங்காலை மடக்கி மூன்று விநாடியில் இடது குதிகால் தரையைத் தொடும்வரை இறங்குங்கள். தொட்டால் போதும், எடையை அதில் போடக்கூடாது. உடனே மேலே. 6 முறை, பிறகு கால் மாற்றி. விரல் நுனியால் கைப்பிடியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். பிடித்துத் தொங்கினால் கையே வேலையைச் செய்துவிடும். பக்கத்துக்கு 12 வந்ததும் உயரத்தைக் கூட்டுங்கள்.

வலிக்கு ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். வலியே இல்லாதது 0, தாங்கவே முடியாதது 10 என்றால் பயிற்சியின்போது 3 வரை போகலாம். மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வராவிட்டால் நாளை அதே பயிற்சியை விட்டுவிட வேண்டியதில்லை, உயரத்தைப் பாதியாக்குங்கள். முழங்கால் வீங்கினாலோ, மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டாலோ, திடீரென்று நழுவி விட்டுக்கொடுத்தாலோ பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

வலி கூடியிருக்கும் நாட்களில் படிக்கான பழைய விதியை நினைவில் வையுங்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

பிரஷர். மூச்சை அடக்கி முக்குவதுதான் எதிரி. பளுவைத் தூக்கும் கணத்தில் மூச்சைப் பிடித்தால் இரத்த அழுத்தம் ஒரேயடியாக ஏறும், விட்டதும் சட்டென்று இறங்கித் தலை கிறுகிறுக்கும். எழும்போதும் தூக்கும்போதும் தள்ளும்போதும் மூச்சை வெளியே விடுங்கள். வாய்விட்டு எண்ணினால் மூச்சை அடக்கவே முடியாது, அதைவிட எளிய வழி இல்லை. சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலிபோல் நெடுநேரம் அசையாமல் நிற்கும் பயிற்சியை இப்போதைக்குத் தவிருங்கள். அதில் பெரும்பாலோர் தம்மையறியாமல் மூச்சை அடக்கிவிடுகிறார்கள். அன்றைய அளவு 180/110-ஐத் தாண்டியிருந்தால் பயிற்சியே வேண்டாம், மருத்துவரைக் கேளுங்கள்.

உங்கள் மாத்திரை பீட்டா பிளாக்கர் வகை என்றால் எவ்வளவு உழைத்தாலும் நாடித்துடிப்பு அதிகம் ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி அளவைக் கூட்டிவிடாதீர்கள். பேச்சுச் சோதனையே நம்பகமானது: முழு வாக்கியம் பேச முடிந்து, பாட்டுப் பாட முடியாவிட்டால் அது மிதமான உழைப்பு. வேறு சில பிரஷர் மாத்திரைகள் எழுந்ததும் தலைசுற்றலைக் கொடுக்கும். தரையிலோ படுத்தோ பயிற்சி செய்துவிட்டு எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை மேலும் கீழும் இருபது முறை ஆட்டிவிட்டு நில்லுங்கள்.

மார்பில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், கண் இருட்டுதல் — இவற்றில் எது வந்தாலும் "இந்த செட்டை முடித்துவிடலாம்" என்று நினைக்கக்கூடாது. உடனே நிறுத்தி மருத்துவ உதவி கேளுங்கள்.

---

வாசற்படி:

அளந்து பார்த்தாயிற்று. 30 விநாடியில் 11. ஒரே கோட்டில் நிற்பது 10 விநாடி முடிகிறது, ஒற்றைக்கால் வலது 4, இடது 7. ஒற்றைக்காலுக்கு என்ன செய்வது? குனிவதற்கும் தூக்குவதற்கும் என்ன முறை?

இன்னொன்று. மனைவிக்கு 58. எலும்பு அடர்த்திச் சோதனையில் முதுகெலும்பின் டி-ஸ்கோர் −2.6. முறிவு எதுவும் இல்லை, மருந்து தொடங்கியாயிற்று, மருத்துவர் உடற்பயிற்சி செய்யச் சொல்லியிருக்கிறார். இருவரும் ஒரே பட்டியலைப் பின்பற்றலாமா?

---

தராசுமுள்:

ஒற்றைக்காலில் 10 விநாடி பற்றிப் பிரேசில் ஆய்வு ஒன்று 2022-இல் பெரிதாகப் பேசப்பட்டது. 51 முதல் 75 வயதுள்ள 1,702 பேரில் ஐந்தில் ஒருவரால் நிற்க முடியவில்லை, அவர்களிடையே அடுத்த சில ஆண்டுகளில் இறப்பு கூடுதலாக இருந்தது. அதை ஜோசியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிற்க முடியாமையோடு வேறு நோய்களும் சேர்ந்து வந்திருக்கலாம். 4 விநாடி என்பது இப்போதைய அளவு, அவ்வளவே.

சுவர் மூலையில் முதுகு காட்டி நில்லுங்கள், முன்னால் நாற்காலியின் முதுகுப்புறம். நாலா பக்கமும் தடுப்பு இருப்பதால் பயமில்லாமல் தடுமாறலாம். தடுமாறாமல் சமநிலை வளராது. விழாதபடி ஏற்பாடு செய்துகொண்டு, தடுமாறும் அளவுக்குக் கடினமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு சுண்டுவிரலால் நாற்காலியைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் 20 விநாடி, ஒவ்வொரு காலுக்கும் 3 முறை. அசையாமல் நிற்க வந்துவிட்டால் விரலை எடுங்கள். பிறகு ஒரே கோட்டு நிலையில் நின்று தலையை இடமும் வலமும் மெல்லத் திருப்புங்கள். அதற்கப்புறம் ஒரு கோப்பைத் தண்ணீரைக் கையில் ஏந்தியபடி. கண்ணை மூடிச் செய்வதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். நிறைய பேர் இரண்டாம் வாரமே அதில் குதித்து, பயந்து, எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள்.

நாளுக்கு 5 நிமிடம் போதும். பளுப் பயிற்சிபோல இதற்கு இடைவெளி நாள் தேவையில்லை. ஆனால் களைத்த காலோடு செய்யாதீர்கள், தொடைப் பயிற்சிக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.

வெறும் காலோடா, செருப்போடா? வெறும் கால் நல்லது, பாதம் தரையை உணரும். காலுறை மட்டும் போட்டுக்கொண்டு பளபளப்பான தரையில் நிற்பதுதான் இருப்பதிலேயே மோசம். சர்க்கரையால் பாத உணர்வு குறைந்தவர்கள் மட்டும் மெல்லிய அடியுள்ள மூடிய காலணியோடு செய்யட்டும்.

யாரும் சொல்லாத ஒன்று: முன்பாதம். நடக்கும்போது கால்விரல் போதிய அளவு தூக்காததால்தான் விரிப்பின் ஓரத்திலும் நிலைப்படியிலும் இடறுகிறோம். முதுகைச் சுவரில் சாய்த்து, குதிகாலைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்து, முன்பாதத்தை மட்டும் 15 முறை தூக்கி இறக்குங்கள். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் எரியும், அந்தத் தசைதான். திரும்பி நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது 15. மேலே ஒரு விநாடி நின்று, மெதுவாக இறங்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம் வேகம். வயதாகும்போது பலம் குறைவதைவிட விரைவாகக் குறைவது, பலத்தைச் சட்டென்று காட்டும் திறன். வேகமாகச் சுருங்கும் தசைநார்கள்தான் முதலில் மெலிகின்றன. இடறும்போது அடுத்த காலை முன்னால் வீசி ஊன்ற ஒரு விநாடிகூடக் கிடைப்பதில்லை, அதற்கு அந்த நார்கள் வேண்டும். எனவே நான்காவது வாரத்திலிருந்து உட்கார்ந்து எழும்போது எழுவதை மட்டும் முடிந்தவரை விரைவாகச் செய்யுங்கள். இறங்குவது பழையபடி மூன்று விநாடி. முதல் மூன்று வாரம் இது வேண்டாம், முறை பழகாமல் வேகம் சேர்ந்தால் முழங்கால்தான் வாங்கிக்கட்டிக்கொள்ளும்.

---

கல்தூண்:

குனிவதும் தூக்குவதும் என் பங்கு. பட்டியல் இருவருக்கும் ஒன்றேதான், மனைவிக்குச் சில விலக்குகள் மட்டும் உண்டு.

முதலில் அந்த விலக்குகள். டி-ஸ்கோர் −2.5-ம் அதற்குக் கீழேயும் எலும்புப்புரை. முதுகெலும்பின் முன்பக்கம் நெரிந்து முறிவதுதான் பயம். முதுகை முன்னால் வளைக்கும்போது அழுத்தம் அங்கேதான் விழுகிறது. 1984-இல் வெளியான மேயோ கிளினிக் ஆய்வு ஒன்றில், எலும்புப்புரை உள்ள பெண்களில் முன்குனியும் பயிற்சி மட்டும் செய்த குழுவில் 89 சதவீதம் பேருக்கு முதுகெலும்பில் புது நெரிவுகள், முதுகை நிமிர்த்தும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம். மொத்தம் 59 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் அது காட்டிய திசையை இன்றைக்கும் பின்பற்றுகிறார்கள். ஆகவே படுத்தபடி தலையைத் தூக்கி வயிற்றைச் சுருட்டும் பயிற்சி, முழங்காலை நீட்டிக் கால்விரலைத் தொடுவது, பளுவோடு குனிந்து திரும்புவது மூன்றும் அவருக்கு வேண்டாம். நாற்காலியில் தொப்பென்று விழுவதும் வேண்டாம். பளுவை ஒரேயடியாக ஒதுக்கிவிடுவது எதிர்ப்பக்கத் தவறு. சுமை படாத எலும்பு இன்னும் மெலியும்.

இடுப்பை மடக்கிக் குனிதல். நீளமான கம்பு அல்லது துடைப்பக் கட்டையை முதுகோடு நெடுக வைத்துக்கொள்ளுங்கள். பின்னந்தலை, தோள்களுக்கு நடு, வால் எலும்பு — மூன்று இடத்திலும் படவேண்டும். சுவருக்கு முதுகு காட்டி ஒரு பாதத் தூரத்தில் நின்று, முழங்காலைச் சற்றே தளர்த்தி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். பின்னால் இருக்கும் வண்டிக் கதவைக் கை ஒழியாதபோது பிட்டத்தால் தள்ளி மூடுவோமே, அதே அசைவு. கம்பு மூன்றில் ஓரிடத்தில் விலகினால் முதுகு வளைந்துவிட்டது. தொடையின் பின்பக்கம் இழுப்பது தெரிந்ததும் நிறுத்தி எழுங்கள். 10 முறை, 2 செட். முறை கைவந்ததும் கம்பை வைத்துவிட்டு, முன்னால் ஸ்டூல்மேல் வைத்த பையை இதே அசைவில் தூக்குங்கள். தரையிலிருந்து தூக்குவது பிறகு. ஸ்டூல், தாழ்ந்த பலகை, தரை என்று உயரத்தைப் படிப்படியாகக் குறையுங்கள்.

சாவி மாதிரி எடையில்லாத பொருளுக்கு வேறு வழி இருக்கிறது: ஒரு காலில் நின்று மற்ற காலைப் பின்னால் நீட்டிக் குனிவது. அதற்கு ஒற்றைக்கால் சமநிலை வேண்டும். 15 விநாடி வந்தபிறகு, மேசையைத் தொட்டுக்கொண்டு பழகலாம்.

சுமத்தல். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ, தனியாக எடைக்கல் தேவையில்லை. உறுதியான இரண்டு பைகளில் தலா 3 லிட்டர் தண்ணீர் வரும்படி பாட்டில்களை வைத்து, தோளைத் தாழ்த்தி, நிமிர்ந்து 20 மீட்டர் நடங்கள். 3 நடை. அடுத்த வாரம் ஒரு கையில் மட்டும். அப்போது உடம்பு பளுவின் பக்கமோ எதிர்ப்பக்கமோ சாயக்கூடாது, நடுவில் நிற்க வேண்டும். இடுப்பின் பக்கத் தசைகள் அங்கேதான் உழைக்கின்றன. வாரத்துக்கு அரைக் கிலோ கூட்டினால் போதும். முதலில் தளர்வது பிடிதான். கை நழுவத் தொடங்கினால் பளுவை வைத்துவிடுங்கள்.

தள்ளுதலும் இழுத்தலும் சுருக்கமாக. சுவரில் தண்டால்: கை தோள் அகலத்தில், மார்பு உயரத்தில், குதிகால் கை நீளத்தைவிட ஓரடி பின்னால், தலை முதல் குதிகால் வரை ஒரே கோடு. 12 இரண்டு செட் வந்தால் சுவரை விட்டுச் சமையல் மேடைக்கு மாறுங்கள், சரிவு கூடக்கூடக் கடினம். இழுத்தலுக்கு: இடது கையை மேசையில் ஊன்றி, இடுப்பை மடக்கிக் குனிந்து, வலது கையால் பையை இடுப்பு வரை இழுத்து இறக்குதல், பக்கத்துக்கு 10. ரப்பர் பட்டை வாங்கினால் கதவில் மாட்டி உட்கார்ந்தே இழுக்கலாம். ஆனால் எந்தப் பக்கம் நின்று தள்ளினால் கதவு திறக்குமோ அந்தப் பக்கம் உட்காருங்கள். மறுபக்கம் என்றால் இழுக்கும்போது கதவு திறந்துகொண்டு முகத்துக்கு வரும். பட்டையில் கீறல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

---

தராசுமுள்:

ஒரு சின்ன மாற்றுக்கருத்து. முதல் இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதல், பலகையில் இறங்குதல், சுவர்த் தண்டால், சமநிலை, இவை நான்கோடு நிறுத்துங்கள். குனிதலும் சுமத்தலும் மூன்றாம் வாரம். எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் எது வலியைக் கொடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

---

கல்தூண்:

இறங்குதலும் தண்டாலும் காத்திருக்கலாம், குனிதல் காத்திருக்கக்கூடாது என்பேன். குனிவது தினம் ஐம்பது முறை நடக்கிற காரியம், தவறான முறையை இன்னும் இரண்டு வாரம் ஏன் ஓட்ட வேண்டும்? கம்போடு, பளு இல்லாமல், முதல் நாளிலிருந்தே செய்யலாம். பளு மூன்றாம் வாரம் என்பதை ஏற்றுக்கொள்கிறேன்.

---

இயன்முறை மேசை:

தரையிலிருந்து எழுவது விட்டுப்போயிற்று. விழுந்தால் அடி படாவிட்டாலும் எழத் தெரியாமல் மணிக்கணக்கில் கிடப்பவர்கள் உண்டு. பலம் இருக்கும்போதே பழகிவிட வேண்டும்.

வரிசை இது. மல்லாந்த நிலையிலிருந்து முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் உருளுங்கள். கீழே இருக்கும் முழங்கையை ஊன்றி, மேல் கையால் தரையைத் தள்ளி, பக்கவாட்டில் உட்காருங்கள். அங்கிருந்து கையும் முழங்காலும் ஊன்றிய நாலுகால் நிலை. நாற்காலி வரை தவழ்ந்து, இரு கைகளையும் இருக்கையில் வையுங்கள். பலமான காலின் பாதத்தை முன்னால் தரையில் ஊன்றுங்கள், உங்களுக்கு அது இடது. கையையும் அந்தக் காலையும் சேர்த்துத் தள்ளி எழுந்து, திரும்பி நாற்காலியில் உட்காருங்கள். ஒரு நிமிடம் கழித்து நில்லுங்கள்.

பழகுவதோ தலைகீழ் வரிசையில். முதல் வாரம் நாற்காலியைப் பிடித்து ஒரு முழங்காலை மட்டும் தரைக்கு இறக்கி எழுவது; முழங்காலுக்கு அடியில் மடித்த போர்வை. அது சுலபமானால் இரண்டு முழங்காலும். பிறகு நாலுகால் நிலை, பிறகு பக்கவாட்டில் உட்காருதல், கடைசியாகப் படுத்தல். இப்படிச் செய்தால் எந்தக் கட்டத்திலும் நீங்கள் கீழே மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். வாரத்துக்கு இருமுறை, தலா 3 முறை. முதல் சில நாள் இன்னொருவர் அருகில் இருக்கட்டும்.

மனைவிக்கும் இது உண்டு. முழு வரிசையிலும் முதுகை வளைக்காமல், உருளும்போது தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். படுக்கையிலிருந்து எழுவதும் அதே முறையில்தான்.

---

வாசற்படி:

மூன்று நாள் செய்தாயிற்று. முழங்கால் வலி 2-ஐத் தாண்டவில்லை. ஆனால் தொடை முன்பக்கம் இரண்டாம் நாள் பிடித்துக்கொண்டது, படி இறங்கச் சிரமம். அதிகமாகச் செய்துவிட்டேனா? 84 வயது மாமியாருக்கும் இதில் ஏதாவது கொடுக்கலாமா, இல்லை அந்த வயதுக்கு இது தாமதமா?

---

மரநாற்காலி:

மூன்று விநாடி மெதுவாக இறங்கியதன் கூலி அது. தசை நீண்டுகொண்டே தாங்கும்போது நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படும்; வலி 24 முதல் 72 மணிக்குள் உச்சத்துக்குப் போய்த் தணியும். இரு தொடையிலும் ஒரே மாதிரி, அமுக்கினால் வலித்து, நடந்தால் இளகுவது இந்த வகை. மூட்டுக்குள்ளே, ஒரு புள்ளியில், குத்துகிற வலி வேறு. அதற்கு மேலே சொன்ன வரம்பு பொருந்தும். அடுத்த முறை ஒரு செட் மட்டும் செய்யுங்கள். விட்டுவிடாதீர்கள், அதே அசைவுக்கு இரண்டாம் மூன்றாம் தடவை இந்தப் பிடிப்பு வெகுவாகக் குறையும். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது பயிற்சி வலியல்ல, அன்றே மருத்துவரிடம் போங்கள்.

84 தாமதமில்லை. 1990-இல் அமெரிக்காவில் முதியோர் இல்லத்தில் சராசரியாகத் தொண்ணூறு வயதுள்ள பத்துப் பேருக்கு 8 வாரம் கடினமான பளுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். முடித்தவர்களின் தொடைப்பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. கண்காணிப்போடு, கருவிகளில் செய்தது என்பதை மறக்க வேண்டாம். மாமியாருக்கு முதலில் மருத்துவர் ஒருமுறை பார்க்கட்டும்: எழுந்து நின்றதும் பிரஷர் இறங்குகிறதா, கண்பார்வை, தூக்க மாத்திரை ஏதாவது உண்டா. பிறகு கைப்பிடி உள்ள நாற்காலியில், கையை ஊன்றியே, 5 முறை, நாளுக்கு இரண்டு வேளை. கை எவ்வளவு உதவுகிறது என்பதைக் குறைப்பதுதான் அவருக்கு முன்னேற்றம்: இரு கை, ஒரு கை, விரல் நுனி.

மூவருக்கும் ஆறு வாரம் கழித்து மறுபடி அளங்கள். அதே நாற்காலி, போர்வை இல்லாமல், காலில் போட்டிருந்ததும் அதே, அதே வேளை. தொடைப் பயிற்சி செய்த மறுநாள் மட்டும் வேண்டாம்.